நான் தண்ணீரில் போட்ட பத்து டாலர்

பழைய நோட்டுகள் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வேலையை விட்டு எட்டு வருடமாகிறது. யாராவது படம் போட்டுக் கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன். போன மாதம் தென்காசிக்காரர் ஒருவர் ஒரு சிலோன் நோட்டின் படத்தைப் போட்டு, "இதிலுள்ள கறையை எப்படி எடுக்கலாம்?" என்று கேட்டிருந்தார். பத்து நிமிடத்துக்குள் ஆளுக்கொரு வைத்தியம் வந்துவிட்டது. ஒருவர் சோப்புத் தண்ணீர் என்றார். ஒருவர் எலுமிச்சைச் சாறு என்றார். இன்னொருவர் ஈரத்துணியை மேலே விரித்து இஸ்திரி போடச் சொன்னார். நான், "ஒன்றும் செய்யாதீர்கள், அப்படியே வையுங்கள்" என்று எழுதினேன். "அனுபவப்பட்டவர் சொல்கிறீர்கள், காரணத்தையும் விவரமாக எழுதுங்களேன் சார்" என்றார்கள். எழுத உட்கார்ந்தேன். காரணம் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் எழுதுவதை என்னால் நிறுத்த முடியவில்லை.

நான் முதலில் அச்சாபீஸ் ஆள். பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் பதினாறு வருடம் இருந்தேன். எழுத்துக் கோர்ப்பதில் தொடங்கி மிஷின் ஓட்டுவது வரை எல்லாம் செய்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு என்று என் கையில் படாத மை கிடையாது. அச்சகத்தை மூடியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மாடியில் பழைய நோட்டு வாங்கி விற்கும் கடைக்கு, அச்சு தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

கடை சாமுவேல் அண்ணாச்சியுடையது. என் பெயரைக் கூடக் கேட்கவில்லை. ஒரு வெளிநாட்டு நோட்டையும் லென்சையும் முன்னால் வைத்தார்.

"இதுல எது அழுத்தி அடிச்சது, எது மேலாப்புல அடிச்சது? பைய பாத்துச் சொல்லும்."

சொன்னேன். மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார். அங்கே இருபத்திரண்டு வருடம் இருந்தேன்.

முதல் இரண்டு வருடம் பார்ப்பதற்கு மட்டுமே பழகினேன். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். துண்டில் துடைத்த பிறகும் கையில் ஈரப்பதம் போகும்வரை சும்மா உட்கார வேண்டும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நோட்டை இரண்டு ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குண்டூசி ஓட்டை, மடிப்பு, ஒட்டுப் போட்ட இடம் எல்லாம் தெரிந்துவிடும். கடைசியில் மோந்து பார்க்க வேண்டும். பாச்சை உருண்டை வாசனை வந்தால் துணிப்பெட்டியில் இருந்தது, புகை வாசனை வந்தால் அடுப்படிப் பரணில் இருந்தது. இவ்வளவும் முடிந்ததும், உடைமைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், அந்த நோட்டு எந்த நிலையில் வந்தது என்று ஒரு சீட்டில் எழுதித் தேதி போட வேண்டும். அதன் பிறகு அந்தச் சீட்டில் ஒரு புள்ளி கூட மாற்றக்கூடாது.

"நாம பாக்குத ஆளு வே. வைத்தியம் பண்ணுத ஆளு இல்ல" என்பார் அண்ணாச்சி.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சாதாரணமாக என்னை 'நீர்' என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் 'நீங்க' என்பார். அந்த மரியாதைக்குப் பயந்துதான் நாங்கள் வேலை செய்தோம்.

ஒரு முறை பாளையங்கோட்டையிலிருந்து டாக்டர் ஒருவரின் மனைவி ஓர் ஆல்பம் கொண்டு வந்தார். கணவர் இறந்து மூன்று மாதம். முப்பது வருடமாக அவர் ஆசையாசையாக வாங்கிச் சேர்த்தவை. அதில் பாதிக்கு மேல் பிற்காலத்தில் யாரோ அடித்துவிட்ட போலிகள். அண்ணாச்சி அதை வாயால் சொல்லவில்லை. அந்த அம்மாவின் கையிலேயே லென்சைக் கொடுத்து, ஒரு நல்ல நோட்டையும் ஒரு போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நீங்களே பாருங்கம்மா" என்றார். அந்த அம்மா ஒரு மணி நேரம் பார்த்தார். எழுந்து போகும்போது, "அவருக்கு இது தெரியாமலே போனது நல்லதுதான்" என்றார். எவ்வளவு கசப்பானதாக இருந்தாலும் உண்மையை உடைமைக்காரரிடம் சொல்லாமல் அண்ணாச்சி அனுப்பியதில்லை. நான் யாரிடம் வேலை பார்த்தேன் என்பது தெரிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அண்ணாச்சிக்குப் பிரியமான சரக்கு அமெரிக்காவின் பழைய வங்கி நோட்டுகள். அவற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் ஊர் ஊருக்கு இருந்த வங்கிகளுக்குத் தங்கள் பெயரிலேயே நோட்டு வெளியிட அனுமதி இருந்தது. அரசாங்கமே ஒரே மாதிரி அச்சடித்துக் கொடுக்கும். வங்கியின் பெயரும் ஊரும் எண்ணும் மட்டும் மாறும். ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு பத்து ரூபாய், அம்பாசமுத்திரத்துக்கு ஒரு பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் தலைவரும் காசாளரும் அதில் கையெழுத்துப் போட்டுப் புழக்கத்தில் விடுவார்கள். பெரிய நகரத்து வங்கி என்றால் நிறைய நோட்டு மிஞ்சியிருக்கும், விலை சொற்பம். சின்ன ஊரில் கொஞ்ச காலம் நடந்து மூடிப்போன வங்கி என்றால் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். அதற்குத் தவம் கிடப்பவர்கள் உண்டு. ஆகவே நோட்டில் முதலில் ஊர்ப் பெயரைத்தான் பார்ப்போம்.

இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம் மேலப்பாளையத்திலிருந்து பல்கீஸ் என்ற அம்மா கடைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. பையிலிருந்து ஒரு பழைய கோடு போட்ட நோட்டுப்புத்தகத்தை எடுத்தார்.

"எங்க வாப்பா கப்பல்ல சமையக்காரரா இருந்தாவ. அமெரிக்காவுல குடுத்த மொத சம்பளத்துல ஒண்ண மட்டும் செலவழிக்காம இதுல ஒட்டி வச்சிருந்தாவளாம். ராத்தாவுக்குத்தான் அதெல்லாம் தெரியும். நான் அப்ப பொறக்கவே இல்ல."

ராத்தா என்று அவர் சொன்னது அக்கா மைமூனை. இருவருமே கணவரை இழந்தவர்கள். மைமூனுக்குக் கண் நரம்பு கெட்டுப் பார்வை மங்கிவிட்டது. முப்பது வருடமாக இருவரும் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பீடி சுற்றிப் பிழைத்தார்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் பாய் விரிக்க ஒழுகாத இடம் தேட வேண்டியிருக்கிறது, கூரையை மாற்ற இது உதவுமா என்று கேட்டுத்தான் வந்திருந்தார்.

பத்து டாலர் நோட்டு. கையகலத்துக்கு மேல் பெரியது, மடிப்பு அதிகமில்லை. நான் சீட்டு எழுதினேன். 'நீல முத்திரை. கையெழுத்து இரண்டும் வயலட் மையில், தெளிவு. மாவுப் பசையால் ஒட்டப்பட்டது. பின்பக்கம் பார்க்க இயலவில்லை.' அண்ணாச்சி ஊர்ப் பெயரைப் படித்தார். அலமாரியிலிருந்து பட்டியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் நோட்டைப் பார்த்தார். நிலக்கரிச் சுரங்கம் இருந்த சின்ன ஊர் அது. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஊர் வங்கியின் நோட்டு உலகத்தில் ஒன்றுதான் தெரியவந்திருப்பதாகப் பட்டியலில் இருந்தது.

"அம்மா, இது நல்ல தாளு. ஓடு மாத்த வேண்டாம், தளமே போட்டுரலாம்" என்றார்.

பல்கீஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ராத்தாட்ட சொல்லலாமா முதலாளி?"

"தாராளமாச் சொல்லுங்க."

அண்ணாச்சி வெளிநாட்டிலிருந்த ஒரு சேகரிப்பாளருக்குப் படத்துடன் எழுதினார். அவர் உடனே சம்மதித்தார், பின்பக்கத்தைப் பார்க்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டிருந்தார். "பொறத்தால தெரியாட்டாலும் கொள்ளாம். ஒட்டுனபடியே போவட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அண்ணாச்சி நாலு நாள் வேலையாகச் சென்னைக்குப் போனார்.

அவர் போன இரண்டாம் நாள் மத்தியானம் கடையில் யாருமில்லை. நான் அந்த நோட்டுப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மாவுப் பசைதானே, பத்து நிமிடம் தண்ணீரில் போட்டால் விட்டுவிடும். அச்சு மை தண்ணீரில் கரையாது என்பது பதினாறு வருடம் மையில் முங்கிக் கிடந்த எனக்குத் தெரியாதா? பின்பக்கத்தோடு நோட்டைக் கொண்டுபோய் அண்ணாச்சி முன்னால் வைத்தால் முகம் எப்படி மலரும் என்று நினைத்தேன். ஒன்பது வருடத்தில் அவர் வாயால் 'பரவாயில்லையே' என்று ஒரு சொல் வாங்கியதில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கத்தரித்து எடுத்து, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டேன்.

பசை ஊறி, அடித்தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. பின்பக்கம் பச்சை நிறத்தில் நேற்று அடித்தது போல இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். நோட்டைத் தூக்கினேன். அப்போதுதான் தட்டில் இருந்த தண்ணீரைப் பார்த்தேன். லேசான ஊதா நிறத்தில் இருந்தது.

அந்தச் சின்ன ஊர் வங்கியில் பேனாவால் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருக்கிறார்கள். என் கையாலேயே ஆயிரக்கணக்கில் குத்திய அதே சாய மை. கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு பழைய அடிபட்ட தழும்பு போல மங்கல் மட்டும் மிச்சமிருந்தது. உறிஞ்சுதாளுக்கு நடுவில் வைத்தேன். காய்ந்தால் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காய்ந்த பிறகு அந்த மங்கலும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பல்கீஸ் வந்தார்.

"ராத்தா ஒரு தடவ கையில வச்சுப் பாக்கணுங்குதா அண்ணாச்சி. திங்கக்கெழம கொண்டாந்துருதேன்." என்னையும் அவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் நோட்டை எடுத்து நீட்டினேன்.

"அய்ய, பிரிச்சிட்டீயளா?"

"அதுவா விட்டுட்டும்மா. பழைய பசைல்லா."

அவர் திருப்பிப் பார்த்து, "பொறத்தால எவ்வளவு அழகா இருக்கு!" என்றார். கையெழுத்து இல்லாததைக் கவனிக்கவில்லை. அதைக் கவனிக்காததற்காக எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை அண்ணாச்சி கடையில் இருந்தார். பல்கீஸ் உறையைக் கொடுத்தார். அண்ணாச்சி கை கழுவி, துடைத்து, உட்கார்ந்து, பிரித்தார். பிறகு சீட்டை எடுத்துப் படித்தார்.

"நீரு குடுக்கையில எப்படி வே இருந்துச்சு?"

"பசை விட்டிருந்துச்சு அண்ணாச்சி. கையெழுத்து இருந்துச்சு."

வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தானாக வரவில்லை. மூன்று நாளாக யோசித்து வைத்திருந்த பதில் அது.

அண்ணாச்சி பல்கீஸ் பக்கம் திரும்பினார். "அம்மா, வீட்டுல ஈரம் கீரம் பட்டுச்சா?"

"இல்லியே முதலாளி. ராத்தா கையிலதான் குடுத்தேன். ரெண்டு நாளும் மடியிலயே வச்சிருந்தா. படுக்கையில தலகாணிக்கு அடியில வச்சுக்கிடுவா."

"அவிய கண்ணு...?"

"ஆளு தெரியும். எழுத்து தெரியாது."

அதைச் சொன்னதுமே பல்கீஸின் முகம் மாறியது. அண்ணாச்சி நடந்ததைப் பொறுமையாக விளக்கினார். கையெழுத்து போய்விட்டதால் விலை எங்கேயோ இறங்கிவிடும் என்றும் சொன்னார். பல்கீஸ் எழுந்து, "ராத்தாட்ட கேட்டுட்டு வாரேன்" என்று படி இறங்கினார். மாடிப்படி பதினெட்டு. அவர் ஒவ்வொரு படியாக இறங்குவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு நாள் அவர் வரவில்லை. அண்ணாச்சி வெளிநாட்டுக்காரருக்கு உள்ளதை எழுதிவிட்டார், அதாவது உள்ளது என்று அவர் நம்பியதை. ஒரு நாள் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் ஈரத்துக்கு இப்படி முழுசாப் போவாது வே. முங்கிக் கெடந்திருக்கு" என்றார். நான் பதிவேட்டில் எதையோ எழுதுவது போலக் குனிந்துகொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் பல்கீஸ் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"ராத்தாதான் முதலாளி. அவ செஞ்ச வேலதான்."

"அவிய சொன்னாவளா?"

"மொதல்ல தொடவே இல்லன்னா. நான் விடல்ல. பொறவு, பக்கத்துல தண்ணிச் சொம்பு இருந்துச்சு, சாஞ்சிருக்குமோ என்னமோன்னு அழுதா. நான் சொல்லக்கூடாதது எல்லாம் சொல்லிட்டேன். 'ஒங் குருட்டுக் கையால வாப்பா வச்சுட்டுப் போனதையும் அழிச்சிட்டியே'ன்னு கேட்டுட்டேன். மறுநாளு ஸ்ரீவைகுண்டத்துல மவன் வீட்டுக்குப் போயிட்டா. பீடி சுத்துத மொறத்த மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா." மூச்சு வாங்கினார். "கெடைக்குதது கெடைக்கட்டும். வித்துருங்க."

அப்போதுதான் சொன்னேன். எழுந்து நின்று, தட்டு, தண்ணீர், வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பல்கீஸ் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கையெழுத்து போனாப் போவட்டும். அது எவனோ ஒருத்தன் கையெழுத்து. அன்னைக்கு நான் படி எறங்குகையில நீங்க அங்கனதான நின்னீய?"

"ஆமாம்மா."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா அண்ணாச்சி?"

அவர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலையில ஸ்ரீவைகுண்டம் போறோம். நீங்களும் வாங்க" என்றார்.

அன்றைக்குத் தொடங்கிய 'நீங்க' கடைசிவரை மாறவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடை இருந்த பதின்மூன்று வருடமும் ஒரு நோட்டைக்கூட என் கையில் கொடுத்ததில்லை. கடிதம் எழுதினேன், பதிவேடு பார்த்தேன். அந்தப் பத்து டாலரைக் கிடைத்த விலைக்கு விற்று, குறைந்ததைத் தன் கையிலிருந்து போட்டு, மேலப்பாளையத்து வீட்டுக்குத் தளம் போட்டுக் கொடுத்தார். என் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த மாதமும் முழுச் சம்பளமே கொடுத்தார்.

பல்கீஸ் வந்து போன மறுநாள் நாங்கள் ஸ்ரீவைகுண்டம் போனபோது, மைமூன் மகன் வீட்டு முன்னறையில் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கண் எங்கோ இருந்தது. விரல்கள் மட்டும் இலையைச் சுருட்டி நூலைக் கட்டிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி நாங்கள் யாரென்று சொன்னார். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விரல்கள் நின்றன.

"அப்ப சொம்பு சாயல்லியா?"

"சாயல்லம்மா. நீங்க ஒண்ணுமே செய்யல்ல. நான்தான் கடையில வச்சுத் தண்ணில போட்டேன்."

அவர் முறத்தைத் தரையில் இறக்கி வைத்தார். "இல்ல அண்ணாச்சி. சொம்பு உருண்டுச்சு. பாய் நனஞ்சிச்சு. நான் தொடச்சேன். எனக்கு நல்லா நெனப்பு இருக்கே."

"இல்லம்மா..."

"பல்கீஸுதான சொல்லி அனுப்புனா? ராத்தா மனசு ஆறட்டும்னு" என்று சிரித்தார். "நீங்க நல்ல மனுசரு. யாரு செஞ்ச பழியவோ உங்க தலையில எடுத்துப் போட்டுக்கிடுதீய."

அண்ணாச்சி எவ்வளவோ சொன்னார். சீட்டைப் படித்துக் காட்டினார். அடுத்த வாரம் பல்கீஸ் அங்கே போய் அக்காவின் காலைப் பிடித்து அழுதாராம். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டாராம். "நான் அங்கன வந்தா இன்னும் எதையாவது கொட்டிருவேன். இங்கனயே கெடக்கேன்" என்று மைமூன் சொல்லிவிட்டார். மேலப்பாளையத்தில் புதிய தளத்தின் கீழே பல்கீஸ் தனியாகத்தான் இருந்தார்.

நான் மட்டும் பிறகு மூன்று தடவை ஸ்ரீவைகுண்டம் போனேன். மூன்று தடவையும் முதலிலிருந்து சொன்னேன். மைமூன் ஒரு சொல் குறுக்கே பேசாமல் கேட்பார். முடிந்ததும் உள்ளே பார்த்து, "ஏளா, இந்த அண்ணாச்சிக்கு டீ போட்டுக் கொண்டா. நம்ம மேல ரொம்பப் பிரியமா இருக்காவ" என்று மருமகளிடம் சொல்வார். அந்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு வருவேன்.